மேடவாக்கம் வந்த மாம்பழச் சோறு

பாங்காக்கிலிருந்து மீனம்பாக்கம் வர விமானத்தில் மூன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு வாரம் கழித்து, தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து மேடவாக்கம் வர ஆட்டோவில் ஒன்றரை மணி நேரம் ஆனது. இரண்டு பயணத்திலும் என் மடியில் ஒரு பை இருந்தது. முதல் பையில் அரிசி, இரண்டாவது பையில் மாம்பழம். இரண்டையும் ஒரு கிண்ணத்தில் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

என் வீட்டுக்காரர் மேடவாக்கத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். நிறைய விற்றுக் கொடுக்கும் கடைக்காரர்களைக் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டுக்கு அழைத்துப் போவார்கள். இதுவரை எல்லாவற்றுக்கும் அவர் தனியாகத்தான் போய் வந்தார். "லேடீஸுக்கெல்லாம் அங்க போர் அடிக்கும் கலா" என்பார். இந்த முறை தாய்லாந்து என்று தெரிந்ததும், "நானும் வரேன்" என்றேன். அவர் முகம் முதல் கோட் அடித்து இன்னும் காயாத சுவர் மாதிரி ஆகிவிட்டது.

எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் நாங்கள் முதல் மாடி. மூன்றாவது மாடியில் செந்திலும் அவன் மனைவி நோக்கும் இருக்கிறார்கள். செந்திலுக்கு ஓஎம்ஆரில் கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி அவனை இரண்டு வருடம் பாங்காக்குக்கு அனுப்பியிருந்தபோது பழகி, கல்யாணம் செய்து அழைத்து வந்தான். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. நோக்குக்கு இருக்கிறார்கள், ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம்.

நோக் என்றால் அவர்கள் மொழியில் பறவை. சாப்பாடும் பறவை அளவுதான். உண்டாகி ஆறு மாதம் முடிந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை. எடை ஏறவில்லை என்று டாக்டரம்மா திட்டினார். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று அதற்கும் தடை போட்டார். இங்கே வந்து பார்த்துக்கொள்ள அவள் அம்மாவால் முடியாது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

"என்னம்மா சாப்பிடத் தோணுது, சொல்லு. எதுவா இருந்தாலும் செஞ்சு தரேன்" என்று ஒரு நாள் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "அம்மா செய்யுற மாம்பழச் சோறு" என்றாள். செந்தில் பெரிய ஓட்டல் ஒன்றிலிருந்து அதை வாங்கி வந்தான். ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் படித்தவள்தான், அதையெல்லாம் நம்புவதில்லை. ஆனாலும் குழந்தையின் காதோடு விளையாட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு போடுவது என்று நாங்கள் முடிவு செய்தோம். வளைகாப்புக்குச் சித்ரான்னம் உண்டு. புளி, எலுமிச்சை, தேங்காய், தக்காளி, தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஆறு சாதத்தை ஆறு வீட்டுப் பெண்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமே. ஏழாவது சாதம் என்னுடையது என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன்.

முதல் நாள் பாங்காக்கில் எங்களுக்குக் கிடைத்தது சாம்பார் சாதம். கம்பெனிக்காரர்கள் நம்ம ஊர்ச் சமையல்காரரை முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். நாற்பது பெயிண்ட் கடைக்காரர்களும் அப்பளத்தை நொறுக்கியபடி, "ஊர் சூப்பரா இருக்குல்ல?" என்று பேசிக்கொண்டார்கள். ஊரைப் பேருந்துக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. ஓட்டலுக்குப் பின்னால் இருந்த சந்தில் இறங்கி நடந்தேன். அம்மாடி! சந்து முழுக்கத் தள்ளுவண்டி. சுட்ட வாழைப்பழம், மிளகாய் உப்பு தொட்டுத் தின்ன நறுக்கிய மாங்காய், பனிக்கட்டிமேல் அடுக்கிய பலாச்சுளை. மாங்காயும் மிளகாய்த்தூளும் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் விற்பதேதான், இங்கே கூடவே கொஞ்சம் சர்க்கரை. நின்ற நிலையில் மூன்று பொட்டலம் தின்றேன்.

இரண்டாம் நாள் எல்லோரும் யானை ஃபுட்பால் விளையாடுவதைப் பார்க்கப் போனார்கள். நான் நோக் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு சாச்சோங்சாவ் என்ற ஊருக்கு ரயில் ஏறினேன். நோக்கின் அம்மா மலி அங்கே, மாந்தோப்புகளுக்கு நடுவே, மாம்பழச் சோறு விற்கிறாள். "தனியாவா போற? பாஷை தெரியாதே" என்று வீட்டுக்காரர் பதறினார். தாம்பரம்–பீச் ரயிலில் இருபது வருடம் வேலைக்குப் போய் வந்தவளுக்கு ரயில் பாஷை தெரியும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்தத் திமிர்தான் கவிழ்த்தது. நம்ம பக்கம் பெட்டியில் பாதிப் பேர் எழுந்து வாசலுக்கு வந்தால் தாம்பரம் வருகிறது என்று அர்த்தம். முந்தின ஸ்டேஷனான சானடோரியத்திலேயே எழுந்துகொள்ளாதவர் தாம்பரத்தில் இறங்க முடியாது. அங்கேயும் பாதிப் பெட்டி எழுந்தது. நானும் முண்டியடித்து இறங்கிவிட்டேன். இறங்கியவர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ரயில் போன பிறகு பார்த்தால் சுற்றிலும் வயலும் ஒரு கொக்கும்தான். நான் போக வேண்டிய ஊர் இன்னும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி இருந்தது.

ஸ்டேஷன்காரர் என் சீட்டைப் படித்தார். படித்ததும் முகம் மலர்ந்து, கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் சேர்த்து வாயருகே கொண்டு போய்ச் சாப்பிடுகிற மாதிரி காட்டினார். மலியின் சோறு அந்த வட்டாரத்துக்கே தெரிந்திருந்தது. ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட ஒரு பெண்ணைக் கூப்பிட்டு என்னை அவள் மோட்டார் பைக்கில் ஏற்றிவிட்டார். வாடகை பைக்காம். நான் புடவையில் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மாந்தோப்புகளுக்கு நடுவே பறந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மலி குட்டையான பெண், என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் கை கூப்பினாள். பிறகு என் கையைப் பிடித்தாள், அப்புறம் விடவே இல்லை. பேசினால் மொழிபெயர்த்துச் சொல்கிற செயலியைக் கைப்பேசியில் திறந்து இருவருக்கும் நடுவே வைத்துக்கொண்டோம். தின்பண்டமாக நான் முறுக்கும், வாசனைக்காக ஏலக்காயும் கொண்டுபோயிருந்தேன். முறுக்கைத் தன் கணவர் கையில் கொடுத்தாள். சக்கர நாற்காலியில் இருந்த அவர் நன்றாக இருக்கும் கையால் வாங்கி, நொறுக்கென்று கடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"முன்பெல்லாம் தேங்காய் துருவுவது அவர் வேலை. வீட்டில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்" என்றாள் மலி.

"என் வீட்டில் இருப்பவருக்குக் கிரைண்டர் போடுவது ஒன்றுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரிசியும் உளுந்தும் ஊறியிருப்பதைப் பார்த்தால், சொல்லாமலே அரைத்து வைத்துவிடுவார்" என்றேன். செயலி இதை எப்படிச் சொன்னதோ, இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு சமையல். முந்தின இரவே அரிசி ஊறிவிட்டது. பச்சரிசி போல வெள்ளையாக இருக்கிறது, ஆனால் வெந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் தனி ஜாதி. ஊறப்போடும் முன் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் தேய்த்து அரிசியைக் கழுவுவாளாம். சலூனில் ஷேவிங் முடிந்ததும் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே படிகாரம். அப்போதுதான் சோறு பளபளக்கும் என்றாள். ஊறிய அரிசியை வடிகட்டி, மூங்கில் கூடையில் துணி விரித்துக் கொட்டி, ஆவியில் வைத்தாள். தண்ணீர் சோற்றைத் தொடவே கூடாதாம்.

துணி, ஆவி, மூடி. நான் என் கைப்பேசியில் எங்கள் இட்லிப் பானையின் படத்தைத் தேடி எடுத்துக் காட்டினேன். மலி அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குழித்தட்டில் விரித்த துணியைப் பார்த்ததும் என் தோளில் ஒரு அடி கொடுத்தாள். பாஷை எதற்கு!

அரிசி வேகிற நேரத்தில் கெட்டித் தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் உப்பும் போட்டு, வாசனைக்குப் போடும் நீளமான ரம்பை இலையை முடிச்சுப் போட்டு இறக்கி, மெல்லச் சூடாக்கினாள். உப்பைக் கண்டதும், போதும் போதும் என்று கையைக் காட்டினேன். ஒரு சிட்டிகை இல்லை, தாராளமாகப் போட்டாள். பால் கொதி வருவதற்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சோறு வெந்ததும் ஆவி பறக்க அப்படியே பாலில் கொட்டினாள். பால் மட்டும் தெரிந்தது, சோறு மூழ்கிப் போனது. "இது பாயசம் ஆகிவிட்டதே" என்றேன். கால் மணி நேரம் மூடி வைக்கச் சொன்னாள். திறந்தால் ஒரு சொட்டுப் பால் இல்லை! அத்தனையும் சோற்றுக்குள் போய், ஒவ்வொரு பருக்கையும் எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது.

அவள் திரும்பிய நேரத்தில் நான் சத்தமில்லாமல் இரண்டு ஏலக்காயை நசுக்கி எடுத்தேன். மலி பார்த்துவிட்டாள். என் கையிலிருந்து அதை வாங்கி முகர்ந்து, மரியாதையாகத் தலை குனிந்து, கொண்டு போய் வாசலில் இருந்த சின்னச் சாமி மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். சாமிக்குப் போகலாம், சோற்றுக்குப் போகக் கூடாது.

பழத்துக்கு அவள் வைத்திருந்தது நீளமான, மெலிந்த மஞ்சள் மாம்பழம். "எங்க பங்கனப்பள்ளி முன்னாடி இதெல்லாம்..." என்று மனதுக்குள் ஆரம்பித்தேன். வாயில் போட்டதும் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. நார் இல்லை, புளிப்பு இல்லை, வெண்ணெய். அதோடு உப்பும் இனிப்புமாகச் சோறு, மேலே கெட்டிப் பால், அதன்மேல் மொறுமொறுவென்று வறுத்த பாசிப்பருப்பு. பாசிப்பருப்பு! நம்ம பொங்கலில் குழைந்து கிடக்கிறதே, அது இங்கே மேடையேறி உட்கார்ந்திருக்கிறது. மூன்று தட்டு சாப்பிட்டேன். உப்புக்காக அவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கடையில் இன்னொரு பாத்திரத்தில் தேங்காய்ப்பாலுக்குள் கடலை அளவு உருண்டைகள் மிதந்தன. "புவா லோய்" என்றாள். எட்டிப் பார்த்துவிட்டு, நம்ம ஊர்ப் பால் கொழுக்கட்டைதானே என்று விட்டுவிட்டேன். "நோக் சின்ன வயதில் இதை உருட்டுவாள். பொறுமையே கிடையாது, எல்லாம் பெரிதுபெரிதாக உருட்டி வைப்பாள். திட்டிக்கொண்டே இருப்பேன்" என்று செயலி வழியாக மலி சொன்னாள்.

கிளம்பும்போது இரண்டு கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அதுவரை பேசாத விஷயத்தைப் பேசினாள். "வீடியோவில் பேசும்போது முகத்தை மட்டும்தான் காட்டுகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறேன் என்கிறாள். போன வாரம் தலைமுடியை ஒதுக்கினாள். மணிக்கட்டைப் பார்த்துவிட்டேன்." கைப்பேசியின் குரல் உணர்ச்சியே இல்லாமல் இதைச் சொன்னது. மலியின் கண்ணைப் பார்த்தால் வேறு மாதிரி இருந்தது.

நான் வளைகாப்பைப் பற்றிச் சொன்னேன். வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணை அம்மா தன் வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம் என்றும் உளறிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மலி அரிசிப் பையின் முடிச்சை மறுபடி இறுக்கினாள். பிறகு, "உன் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் எத்தனை படி?" என்று கேட்டாள். இரண்டு மாடி, லிஃப்ட் இருக்கிறது என்றேன். "அவள் சாப்பிட்டு முடித்த கிண்ணத்தை எனக்குப் படம் எடுத்து அனுப்பு" என்றாள். அனுப்புகிறேன் என்று அவள் கையில் அடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் விமானத்தில் அந்தப் பையை மேலே வைக்க மனமில்லை, மடியில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் யானை கோல் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அரிசி, பால், உப்பு, கால் மணி நேரம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

வளைகாப்பு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு. சனிக்கிழமை மாலை படிகாரம் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரை கழுவி, இரண்டு கிலோவையும் பெரிய குண்டானில் ஊறப்போட்டேன். ஞாயிறு விடிந்ததும் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன். அன்றைக்கே அறுக்கிற பதத்தில் பழம் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன்.

"நார் இருக்கவே கூடாதுப்பா, மாசமா இருக்கிற பொண்ணுக்கு" என்றேன் பழக்காரரிடம்.

"பங்கனப்பள்ளில ஏதுக்கா நாரு? வூட்டுக்கு எட்துகினு போய் அறுத்துப் பாரு. சக்கர கணக்கா கீது. புளிச்சா திரும்பி வந்து என் தலைல போடு" என்றார். ஒவ்வொரு பழத்தையும் காம்புப் பக்கம் முகர்ந்து முகர்ந்துதான் பைக்குள் போட்டார். நான் பூவும் வெற்றிலையும் வாங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கேம்ப் ரோடு வரை பறந்த ஆட்டோ, வேங்கைவாசல் பக்கம் நின்றது நின்றதுதான். முன்னால் ஒரு தண்ணீர் லாரி சின்னத் தெருவுக்குள் திரும்பப் பார்த்து, திரும்ப முடியாமல், ரோட்டையே அடைத்துக்கொண்டு நின்றது. லாரியிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாள் வீட்டிலிருந்து குடம் கொண்டு வந்து அதன் அடியில் வைத்தார்.

"இன்னாங்க இது, இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்றேன், அவசரத்தில் எனக்கே அந்தப் பேச்சு வந்துவிட்டது.

"இன்னாக்கா பண்றது, லாரிக்காரன் ரிவர்ஸ் எட்துகினு கீறான். அவன் எட்த்தாதான் நாம போவ முடியும். ஒரே பேஜாரு" என்று ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். "பழம் நல்லா மணக்குதுக்கா."

அவருக்கு ஒரு பழம் கொடுத்தேன். வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. எட்டரைக்கு வீடு சேர்ந்தால் அரை மணியில் சோறு வெந்துவிடும், பத்துக்குள் பாலில் கொட்டிவிடலாம் என்று நேரத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன். எட்டே முக்காலுக்குக் கதவைத் திறந்தேன்.

வீட்டுக்காரர் பனியனோடு, வேர்த்து விறுவிறுத்து, அப்படி ஒரு பெருமையோடு நின்றிருந்தார்.

"வா கலா. இன்னைக்கு உனக்கு எவ்வளவு வேலை, பாவம்னு நெனச்சேன். அரிசி ஊறிக்கிட்டே கிடந்துச்சு. கிரைண்டர் போட்டு அரைச்சு வச்சுட்டேன். ரெண்டு ஈடு! உளுந்து ஊறப்போட மறந்துட்ட போல, தேடிப் பார்த்தேன், இல்ல. என்ன அரிசி வாங்கின? பசை மாதிரி கல்லைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. நல்லா தண்ணி விட்டேன்."

குண்டான் நிறைய வெள்ளை வெளேரென்று மாவு. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாங்காக்கிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்த அரிசி. ஒரு மணிகூட மிச்சமில்லை.

"உப்பும் போட்டுட்டேன்" என்றார், என் முகத்தைப் பார்த்துக் குரல் இறங்கி.

அடுத்த ஐந்து நிமிடம் நான் என்ன பேசினேன் என்று எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்தில் நல்ல பெயர் எடுத்து வைத்திருக்கிறேன். எல்லாம் கேட்டுவிட்டு அவர், "அந்தப் பொண்ணுக்கா? அவங்கம்மா கொடுத்த அரிசியா?" என்று மட்டும் கேட்டார். தான் செய்தது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்குத் திட்டுவதும் மறந்து போனது.

மலியை வீடியோவில் கூப்பிட்டேன். இரண்டு மாடி மேலே இருக்கும் நோக்குக்குத் தெரியக் கூடாது என்பதால் மொழிபெயர்க்க ஆள் இல்லை. வீடியோ ஓடும்போது அதே கைப்பேசியில் செயலியைத் திறக்கவும் எனக்குத் தெரியவில்லை. கைப்பேசியைக் குண்டானுக்கு மேலே பிடித்தேன். பிறகு கிரைண்டரைக் காட்டினேன். பிறகு பனியனோடு தலை குனிந்து நின்ற என் வீட்டுக்காரரைக் காட்டினேன்.

மலி பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு, கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி நாற்காலியில் இருந்த கணவரிடம் காட்டினாள். அவரும் சிரித்தார். மறுபடி திரைக்கு வந்ததும் முகம் மாறிவிட்டது. இப்போது கடைக்காரி முகம். ஒரு துணியை எடுத்து விரித்து, கொட்டுவது போலக் காட்டினாள். நான்கு முனையையும் சேர்த்து இறுக்கிக் கட்டினாள். அதன்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். தண்ணீர் ஓடட்டும் என்று விரலால் காட்டினாள். பிறகு ஒரு மாம்பழத்தைத் தூக்கிக் காட்டிப் பிசைந்தாள். விரல் நுனிகளில் எதையோ உருட்டினாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். மிதந்து மேலே வருவதைக் கையால் காட்டினாள்.

"பால் கொழுக்கட்டை!" என்று கத்தினேன்.

"புவா லோய்!" என்று அவளும் கத்தினாள்.

அன்றைக்கு அவள் கடையில் நான் எட்டிப் பார்த்துவிட்டு மதிக்காமல் விட்ட உருண்டை. ஊறிய அரிசியை அரைத்து, பிழிந்து, உருட்டுவது. என் வீட்டுக்காரர் பாதி வேலையை முடித்தே வைத்திருந்தார்.

பெரிய துணி வேண்டும். வளைகாப்புக்குக் கட்ட அவர் இஸ்திரி போட்டு வைத்திருந்த புது வேட்டி நாற்காலியில் தொங்கியது. எடுத்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். இரண்டு மூட்டையாகக் கட்டி, குளியலறையில் பலகைமேல் வைத்தோம். மேலே பாரம் வேண்டும் என்றதும் அவருக்கு உயிர் வந்தது. கீழே ஓடி, பைக்கில் இரண்டு நடை கடைக்குப் போய், இருபது லிட்டர் பிரைமர் பெயிண்ட் வாளி நான்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவற்றை வேட்டி மூட்டைமேல் அடுக்கினார். தண்ணீர் ஓடியது, அவர் போட்ட உப்பில் பாதியும் அதோடு போனது. அரை மணி நேரத்தில் கட்டி மாவு தயார்.

செந்திலைக் கீழே வரச் சொன்னேன், வரும்போது பால்கனித் தொட்டியில் நோக் வளர்க்கும் ரம்பைச் செடியில் இரண்டு இலையும் பறித்துவரச் சொன்னேன். பாதி மாவில் மாம்பழக் கூழைப் பிசைந்தேன், மஞ்சள் வந்தது. பாதி வெள்ளை. மலி திரையில் நின்று மேற்பார்வை பார்க்க, நாங்கள் மூவரும் உருட்டினோம். ஆண்கள் இருவரும் முதலில் கடலை அளவில் ஆரம்பித்தார்கள். பத்து மணி ஆனதும் கோலி அளவு வந்தது. பத்தரைக்கு நெல்லிக்காய். மலி திரையில் தலையில் அடித்துக்கொண்டாள். நேரமில்லையே! கொதிநீரில் போட்டோம், மிதந்து வந்ததும் அள்ளி, உப்பைக் குறைத்துச் சர்க்கரை போட்ட தேங்காய்ப்பாலில் விட்டோம். மேலே மாம்பழத் துண்டு. ஏலக்காய் டப்பா அலமாரியிலிருந்து என்னைப் பார்த்தது, நான் பார்க்கவில்லை.

மேலே செந்தில் வீட்டில் ஆறு சாதமும் வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. என் குண்டானைப் பார்த்த கீழ்வீட்டுப் பெண், "ஏழாவது சாதம் எங்கக்கா? இது பாயசமால்ல இருக்கு. ஆறுன்னா ரெட்டைப்படை ஆயிடுமே" என்றாள்.

"இதுவும் அரிசிதாம்மா. ரெண்டு கிலோ. நானே அரைச்சேன்" என்றார் என் வீட்டுக்காரர். வேட்டி போய்விட்டதால் கடைக்குப் போடும் பேன்ட்டில் நின்றிருந்தார். அதில் பச்சைப் பெயிண்ட் சொட்டு.

நோக்குக்குப் பட்டுப் புடவை கட்டி உட்கார வைத்தோம். செந்தில் எதிரே கைப்பேசியை நிறுத்தினான். மலியும் அவள் கணவரும் திரையில். முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு சந்தனம், பிறகு கண்ணாடி வளையல். இருக்கிறதிலேயே சின்ன அளவு வாங்கியிருந்தேன். அதுவும் அந்த மணிக்கட்டில் தொளதொளவென்று முழங்கை வரை சரிந்தது. திரையில் மலி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைப் பார்த்த கவனத்தில் என் கையில் ஒரு வளையல் உடைந்தது.

சித்ரான்னத் தட்டை நீட்டினோம். நோக் எல்லாவற்றையும் தொட்டு வைத்தாள், எதுவும் உள்ளே போகவில்லை. பிறகு என் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். மாம்பழச் சோறு வரும் என்று எதிர்பார்த்தவள், உள்ளே மிதந்த உருண்டைகளைக் குழப்பமாகப் பார்த்தாள். ஒன்றை வாயில் போட்டாள். மென்றாள். எல்லோரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினாள்.

"அக்கா, உருண்டை ரொம்பப் பெருசு" என்றாள்.

செத்தேன் என்று நினைத்தேன். அவள் திரையைப் பார்த்து அவர்கள் மொழியில் ஏதோ சொன்னாள். திரையிலிருந்து மலி படபடவென்று பொரிந்தாள். நோக் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"என்னடா சொல்றாங்க?" என்று செந்திலைக் கேட்டேன்.

"அவ, 'நான் உருட்டின மாதிரியே இருக்கு'ன்னு சொன்னா. அத்தை, 'யார் யாரோ உருட்டினாங்க, பேசாம சாப்பிடு'ங்கறாங்க."

அவள் சாப்பிட்டாள். இரண்டாவது, மூன்றாவது, மஞ்சள், வெள்ளை. கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிப் பாலைக் குடித்தாள். காலிக் கிண்ணத்தை நான் படம் எடுப்பதற்குள் அதை மறுபடி என்னிடமே நீட்டினாள். இரண்டாவது கிண்ணம் காலியான பிறகுதான் படம் எடுத்து அனுப்ப முடிந்தது.

ஆரத்தி எடுத்து முடிந்ததும் எல்லோரும் கொஞ்சம் தயங்கினார்கள். இனி பெண்ணை அம்மா அழைத்துப் போக வேண்டும். நான் திரையைப் பார்த்தேன். மலி என்னைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினாள், அதைக் கீழ் நோக்கி இறக்கினாள். இரண்டு மாடி. நான் நோக்கின் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன். வளையல் குலுங்க லிஃப்டில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தாள். செந்திலை இரவு சாப்பாட்டுக்கு வரச் சொன்னோம், அவனும் மாப்பிள்ளை முறுக்கோடு வந்து சேர்ந்தான்.

திங்கட்கிழமை காலை நான் காபி போட்டுக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நோக் நின்றிருந்தாள்.

"அக்கா, பசிக்குது. இட்லி இருக்கா?"

இத்தனை மாதத்தில் அந்தப் பெண் வாயிலிருந்து பசி என்ற வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன். குளிர்பதனப் பெட்டியைத் திறந்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுக்கத் தேவையான இட்லி மாவை அரைத்து வைக்கிற நாள். உள்ளே சொட்டு மாவு இல்லை.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல், மாவு பாக்கெட் வாங்கத் தெருமுனைக் கடைக்கு ஓடினார்.